மருந்து வாசம்

செம்பூரணிப்பட்டி பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது என் மருந்துக்கடை. பால் பாக்கெட்டும் விற்பதால் காலை ஐந்தரைக்கே கதவைத் திறந்துவிடுவேன். கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற முதல் பஸ்ஸுக்காக அந்நேரத்துக்கே ஏழெட்டுப் பேர் வந்து நிற்பார்கள். எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் சுவரோரம் சாய்ந்திருக்க, செவந்தி மட்டும் நடந்துகொண்டே இருப்பாள். என் கடை முனையிலிருந்து புளியமரம் வரைக்கும் போவாள், மறுபடி கடை முனைக்கு வருவாள். தோளில் ஒரு பை, கையில் சாப்பாட்டுக் கூடை.

"செத்த உக்காரும்மா. பாக்குற எனக்கே கால் வலிக்குது" என்பேன்.

"உக்காந்தா தூக்கம் வந்துரும்ணே" என்பாள்.

அது பொய். உட்கார்ந்தால் அவளுக்குக் கவலைதான் வரும். எதைப் பற்றிய கவலை என்று கேட்டால், தண்ணீரைப் பற்றி. வேறு எவளாவது இப்படிச் சொன்னால் சிரித்திருப்பேன். இவளிடமும் கொஞ்ச காலம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருச்சியில் வீடுகளுக்கு வருகிற குழாய்த் தண்ணீரைச் சோதிக்க மாதிரி எடுப்பது அவள் வேலை. ஒப்பந்தச் சம்பளம்தான். கணவன் உடையப்பன் துபாயில் கம்பி கட்டுகிறான். மகள் இளமதி நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் மனைவி அழகம்மாளிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டு, அம்மா வரும்வரை அங்கேயே எழுதும், ஆடும், சண்டை போடும். எங்கள் பிள்ளைகள் கட்டிக்கொடுத்து வெளியூர் போய்விட்டதால் வீட்டில் சத்தம் போட ஆள் வேண்டியிருந்தது.

ஒரு பெரிய ஊருக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று செவந்தி எனக்குப் பஸ் வருவதற்குள் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறாள். ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கி, மணலே வடிகட்டிக் கொடுக்கிற தண்ணீரை எடுக்கிறார்கள். அதில் குளோரின் கலக்கிறார்கள். பிறகு மேல்நிலைத் தொட்டி, அங்கிருந்து தெருத் தெருவாகக் குழாய். குளோரின் கலந்தால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அங்கேதான் தொடங்குகிறது என்றாள் அவள். மைல்கணக்கில் மண்ணுக்கடியில் ஓடுகிற குழாயில் எங்கே விரிசல், எங்கே சாக்கடை பக்கத்தில் போகிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். லிட்டருக்குப் பாயின்ட் டூ மில்லிகிராம். அது இருந்தால் வழியில் ஏதாவது உள்ளே புகுந்தாலும் அடித்துப்போட ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் கேட்க நாதியில்லை.

அவள் தினமும் போவது அந்தக் கடைசி வீடுகளுக்குத்தான். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடிப்பாள். சில சொட்டு மருந்து விடுவாள். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று வண்ண அட்டையோடு வைத்துப் பார்ப்பாள். கிருமி பார்ப்பதற்கு வேறு மாதிரி. குழாய் வாயை நெருப்பில் காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதற்கென்று கொடுத்த பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.

"அந்த ரிசல்ட்டு வர ரெண்டு நாளாகும்ணே. அதுக்குள்ள அந்தத் தண்ணிய ஊரே குடிச்சு முடிச்சிருக்கும். நல்ல தண்ணின்னு வந்தாலும் போன தண்ணி. கெட்ட தண்ணின்னு வந்தாலும் போன தண்ணி. இப்ப, இந்த நிமிசம் குடிக்கலாமான்னு சொல்றது இந்த மஞ்ச ஒண்ணுதான்."

இதைச் சொல்லும்போதும் நடந்துகொண்டுதான் சொன்னாள்.

அந்தக் கண்ணாடிக் குழாயும் சொட்டு மருந்தும் எப்போதும் அவள் பையில் இருக்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன் கைகழுவும் குழாயில் பிடித்துப் பார்ப்பாள். காதுகுத்து வீட்டில் பார்ப்பாள். பொன்னமராவதியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனவள் மாப்பிள்ளை வீட்டுத் தொட்டியில் குளோரின் மருந்தே இல்லை என்று சபையில் சொல்லி, இரண்டு வீட்டாருக்கும் முகம் சுண்டிப்போய், சமாதானம் செய்ய அரை நாள் ஆயிற்று. ஊரில் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர். நானும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அவள்மேல் ஒரு தனிக் கடுப்பும் இருந்தது. கடையில் கேன் தண்ணீரும் வைத்திருக்கிறேன். ஒருநாள் நாலு பேர் நிற்கும்போது அதிலிருந்து கொஞ்சம் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். மஞ்சள் வரவே இல்லை. "இதுல ஒண்ணுமே இல்லயேண்ணே" என்று நிஜமான கவலையோடு என்னைப் பார்த்தாள். அதெல்லாம் வேறு முறையில் சுத்தம் செய்கிற தண்ணீர் என்று நான் விளக்குவதற்குள் கேன் வாங்க வந்த ஆள் பால் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இருபத்தைந்து வருடமாக மருந்து விற்கிறேன். ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்கள். இவள் நேற்று வந்து எனக்குச் சொல்கிறாளா? அந்தக் கடுப்பு உள்ளே உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊர்த் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அறுபதாயிரம் லிட்டர் தொட்டி. காலை ஆறரை மணிக்குத் திறந்தால் எட்டு மணி வரைக்கும் வரும். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் கண்ணன், அழகம்மாளின் தம்பி. கால் கிலோ பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுவான். முன்பு வாரத்தில் இரண்டு நாள்தான் ஊற்றுவான். செவந்தி அவனை நச்சரித்து நச்சரித்துத் தினமும் ஊற்ற வைத்திருந்தாள். காலையில் குழாயைத் திறந்தால் மருந்து வாசம் மூக்கில் ஏறும். அந்த வாசம் யாருக்கும் பிடிக்கவில்லை.

அந்த ஆடியில் காத்தாயி அம்மனுக்கு முளைப்பாரி போட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள்தான் போடுவார்கள், அழகம்மாள்தான் முன்னே நிற்பாள். நவதானியத்தை ஊறவைத்து, மண் ஓட்டில் எரு பரப்பி விதைத்து, வெளிச்சம் படாத ஒரு வீட்டில் வைத்து, விரதம் இருக்கிற பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து வளர்ப்பாள். செவ்வாய்க்கிழமை விதைத்தால் ஒன்பதாம் நாள், அடுத்த வாரப் புதன்கிழமை, தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். பயிர் எவ்வளவு உயரம் வளர்கிறதோ அவ்வளவுக்கு ஊர் செழிக்கும் என்று கணக்கு. முந்தின வருடம் பயிர் விரல் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை, நுனி வேறு கருகிப்போயிருந்தது. அந்த வருடமே மழையும் பொய்த்தது. பெண்கள் ஒன்றுகூடிப் பேசி, மருந்துத் தண்ணீர்தான் பயிரைக் கருக்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

செவந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தாள்.

"மதினி, மருந்த நிறுத்தவே வேணாம். அகலமான அண்டாவுல தண்ணியப் பிடிச்சுத் தொறந்து வச்சா ஒரே நாள்ல மருந்து பறந்துரும். மறுநாள் அதத் தெளிச்சா பயிருக்கு ஒண்ணும் ஆகாது."

அழகம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏத்தா, பழந்தண்ணியவா ஆத்தாளுக்கு ஊத்தச் சொல்ற? அன்னன்னிக்குப் பிடிச்ச புதுத்தண்ணிதான் ஊத்தணும். இது ஒனக்குத் தெரியாதா?"

முளைப்பாரிக்கு முந்தின நாள் தண்ணீர் ஆகாது. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. செவந்திக்கும் தெரியும். "அதுக்காகத் தொட்டிக்கு மருந்து போடாம இருக்கக் கூடாது மதினி. ஒம்போது நாளு ரொம்ப நாளு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். மெடிக்கல்காரர் சொன்னால் சரி. எனக்கு அந்தக் கேன் தண்ணீர் ஞாபகம் வந்தது.

"நாம சின்னப் பிள்ளையா இருக்கயில எவன் பிளீச்சிங் போட்டான்? ஒம்போது நாள்ல ஒண்ணும் குடிமுழுகிப் போயிராது" என்றேன்.

செவந்தி என்னையே பார்த்தாள். "அண்ணே, நீங்களுமா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கிவந்து, சரி, சரி, மருந்து போடச் சொல்கிறேன் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அவள் அந்தப் பக்கம் போனதும் கண்ணனுக்கு வேறு வார்த்தை சொன்னேன்.

அந்த வாரம் காவிரியில் வெள்ளம். ஆற்றில் சேறும் கலங்கலும் வந்ததால் திருச்சியில் மாதிரி எடுக்கிற ஆட்களுக்கெல்லாம் லீவு கிடையாது, ஞாயிறும் கிடையாது. காலை முதல் பஸ்ஸில் போனால் ராத்திரி கடைசி பஸ்ஸில்தான் திரும்புவாள். எங்கள் ஊரில் தண்ணீர் வருகிற நேரத்தில் அவள் திருச்சி பஸ்ஸில் இருப்பாள். ராத்திரி வந்து வீட்டுக் குடத்துத் தண்ணீரைச் சோதித்துப் பிரயோசனம் இல்லை. திறந்து வைத்த தண்ணீரில் மருந்து பறந்துவிடும் என்று அவளேதான் சொல்வாளே. எனவே அவளுக்கு இருந்த ஒரே வழி நான்.

புதன்கிழமை காலை புளியமரத்திலிருந்து திரும்பி வந்தவள் கடை முன்னால் நின்றாள்.

"அண்ணே, நேத்துத் தண்ணியில மருந்து வாசம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றேன்.

வியாழக்கிழமை கேட்டாள். வந்தது என்றேன். வெள்ளிக்கிழமை பஸ் வந்து நின்று கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே திரும்பிக் கேட்டாள்.

"வருது, வருது, நீ ஏறு" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்கிற உறுத்தல்கூட எனக்கு அப்போது பெரிதாக இல்லை. பால் பாக்கெட்டை எண்ணிக்கொண்டே சொன்னேன். அவள் நிம்மதியாகப் போய் உட்கார்ந்ததைப் பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்து, பார், நம்மால் இவள் கொஞ்ச நேரம் உட்காருகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கொழுப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் இடியும் மழையுமாகக் கொட்டியது. முளைப்பாரி வீட்டில் பெண்கள் கும்மியடித்துக் குலவையிட்டார்கள். பயிர் அதற்குள் சாண் உயரம் எழும்பிவிட்டது, அம்மன் மழையும் கொடுத்துவிட்டாள் என்று அழகம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. டீக்கடை ஓரம் சாக்கடை நிரம்பி ரோட்டில் ஓடியது. அந்தச் சாக்கடைக்குள்தான் எங்கள் தெருவுக்குப் போகிற தண்ணீர்க் குழாய் கிடக்கிறது. தண்ணீர் மெதுவாக வருகிறது என்று நாலு வீட்டில் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவார்கள். குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் அந்த உறிஞ்சலில் வெளியே கிடப்பதெல்லாம் உள்ளே போகும். இதையும் செவந்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த நாலு வீட்டில் ஒன்று என் வீடு.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு ஒருத்தர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டு வந்தார். கொடுத்தேன். அடுத்த அரை மணியில் இன்னொருத்தர். சாப்பாட்டு நேரத்துக்குள் பெட்டியில் இருந்தது தீர்ந்து, புதுப் பெட்டியைப் பிரித்தேன். எந்தத் தெரு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லாரும் எங்கள் தெரு. திருவிழாக் கடையில் பழைய எண்ணெயில் போட்ட பஜ்ஜியாக இருக்கும் என்று வந்தவர்களிடம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

ஐந்தரை மணிக்கு அழகம்மாள் போன் செய்தாள். "ஏங்க, இளமதி பள்ளிக்கூடத்துலேருந்து வந்ததுலேருந்து நாலு தடவ போயிருச்சு. வாந்தி வேற. கண்ணு சொருகுற மாதிரி இருக்குங்க. வெரசா வாங்க."

செவந்தி மகளுக்குக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைத்தான் பாட்டிலில் கொடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் குடிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அது பிள்ளையாகத்தான் இருந்தது, விருந்தாளியாக இல்லை. தாகம் எடுத்தால் எங்கள் குடத்தில் மொண்டு குடிக்கும்.

கீரனூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. உடனே டிரிப் ஏற்றினார்கள். செவந்தி திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டியைக்கூட எங்கும் வைத்துவிட்டு வரத் தோன்றாமல் கையோடு கொண்டுவந்திருந்தாள். அன்று இரவு முழுக்க இளமதிக்குப் போனது நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வந்து, சிறுநீர் இன்னும் சரியாகப் போகவில்லை, இன்று சாயங்காலம் வரை பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். செவந்தி கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். நடந்துகொண்டே தனக்குத்தானே பேசினாள்.

"பாட்டில நான்தான் கழுவுனேன். சரியாக் கழுவலயோ. தண்ணி நல்லாக் கொதிக்கிறதுக்குள்ள எறக்கிட்டனோ. பள்ளிக்கூடத்துத் தொட்டிய எப்பக் கழுவுனாங்களோ."

அப்போது அவள் போன் அடித்தது. எங்கள் பகுதி சுகாதாரச் செவிலியர் சத்யா. ஊரில் இருபது பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு, நான் இரண்டு கிராமம் தள்ளி ஒரு முகாமில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், சாயங்காலம்தான் வர முடியும், குழாய்த் தண்ணீரை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டாள். போன் சத்தம் எனக்கும் கேட்டது.

"பைப்புத் தண்ணில பயமில்லைங்க மேடம்" என்றாள் செவந்தி. "மருந்து தெனமும் வருது. எங்க மெடிக்கல்கார அண்ணன் தெனம் பாத்துச் சொல்றாரு. அவரு சொன்னாச் சரியா இருக்கும். இது ஸ்கூல் டேங்க்கா இருக்கும், அத மொதல்ல மூடச் சொல்லுங்க. பைப்புத் தண்ணியத் தாராளமாக் குடிக்கலாம்."

பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் திறக்கவில்லை. இந்த வரியை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிள்ளை கட்டிலில் கிடக்கிறது, ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது, நானோ வெளியே வந்து கண்ணனுக்குப் போன் போட்டு, சத்தமில்லாமல் இப்போதே பிளீச்சிங் போட்டுவிடு என்றேன். எப்படியாவது தெரியாமல் முடிந்துவிடாதா என்று பார்த்தேன்.

"நாளைக்கு முளைப்பாரி எடுக்குற வரைக்கும் போடக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கு மச்சான்" என்றான் அவன். "அதோட பவுடரும் தீந்துபோச்சு. காலையில தண்ணி தொறந்து விட்டாச்சு, எல்லாரும் பிடிச்சாச்சு."

உள்ளே போனேன். செவந்தி பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை நின்றேன்.

"செவந்தி, தண்ணியில மருந்து இல்லம்மா."

"என்னண்ணே?"

"விதைச்ச அன்னிக்கிலேருந்து போடல. நான்தான் கண்ணன வேணாம்னு சொன்னேன். நீ கேக்கும்போதெல்லாம் வருதுன்னு பொய் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள். நான் பார்த்து அவள் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றது அன்றைக்குத்தான். பிறகு கையில் இருந்த போனிலேயே முதலில் சத்யாவைக் கூப்பிட்டாள்.

"மேடம், நான் சொன்னது தப்பு. பைப்புத் தண்ணி யாரும் குடிக்க வேணாம். பிடிச்சு வச்சதையும் கீழ ஊத்தச் சொல்லுங்க. நான் கெளம்புறேன்."

கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஊரில் போய்த் தொட்டியைக் காலி செய்து, மருந்து அதிகமாகப் போட்டுக் குழாய் முழுக்க ஓடவிட்டு, வீடு வீடாகப் பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டவைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பையிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"கண்ணத் தொறந்தா ஸ்பூன்ல கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. ஒண்ணுக்குப் போனா நர்ஸ்ட்ட சொல்லுங்க. இதவிட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போகாதீங்க."

பெற்ற பிள்ளையை என்னிடமா விட்டுவிட்டுப் போகிறாள்? வேறு யாரிடம் விடுவாள்?

அன்று பகலெல்லாம் அந்த ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருடம் விற்ற அந்த உப்பு சர்க்கரைக் கரைசலை ஒரு பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டது அதுதான் முதல் தடவை. நாலரை மணிக்கு இளமதி ஒன்றுக்கு வருகிறது என்றாள். நான் நர்ஸைக் கூப்பிட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டே செவந்திக்குப் போன் செய்தேன். அவள் "சரிண்ணே" என்றாள். பின்னால் வாளிச் சத்தம் கேட்டது.

ஊரில் முப்பத்தாறு பேர் படுத்தார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. டீக்கடை ஓரம் தோண்டிப் பார்த்ததில் குழாயில் கை நுழைகிற அளவு விரிசல். என் வீட்டு மோட்டாரை நானே கழற்றினேன். புதன்கிழமை முளைப்பாரி ஊர்வலம் நடந்தது. எந்த வருடமும் இல்லாத உயரத்துக்குப் பயிர் நின்றது. தூக்குகிறதற்குத்தான் பாதிப் பெண்களால் எழுந்து வர முடியவில்லை. அழகம்மாள் தன் முளைப்பாரியைத் தலையில் ஏற்றாமல் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள்.

இந்த ஆடியில் மறுபடி முளைப்பாரி போட்டார்கள். "காலையில ஏழு மணிக்கு அண்டாவுல பிடிச்சு வெயில்ல வச்சிட்டு, அன்னிக்குச் சாயந்தரமே ஊத்துனா அது பழந்தண்ணியா? அன்னிக்குத் தண்ணிதானே?" என்று அழகம்மாளே கேட்டாள். செவந்தி சோதித்துப் பார்த்து, வெயிலில் பத்து மணி நேரம் வைத்தால் போதும், மருந்து போய்விடுகிறது என்றாள். போன வருடம் அந்த முற்றத்தில் எங்களில் ஒருத்தருக்காவது இது தோன்றியிருக்கலாம். கோபத்தில் யார் யோசித்தார்கள்?

இளமதி இப்போதும் பள்ளிக்கூடம் விட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். செவந்தி பிள்ளையை நிறுத்தவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் கடைக்கு வந்து, ஒரு கண்ணாடிக் குழாய், சொட்டு மருந்து, வண்ண அட்டை மூன்றையும் மேஜையில் வைத்தாள்.

"தெனமும் ஏழு மணிக்குப் பாருங்கண்ணே. கடைசி வீட்டுப் பைப்புல பிடிங்க."

"பாத்து ஒனக்குப் போன்ல சொல்லிர்றேம்மா."

"வாயால சொல்ல வேணாம்ணே. அட்டையோட வச்சுப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் அனுப்புகிறேன். காய்ச்சலில் கிடந்த நாளிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்ப் பிடித்தேன். ஆறரைக்குத் தண்ணீர் திறந்ததிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. மஞ்சள் வரும்வரை மூச்சு சரியாக வராது. படத்தை அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் அவள் பார்த்துவிட்ட அடையாளம் விழும். பதில் ஒன்றும் வராது.

போன மாதம் ஒருநாள் காலை என் போன் பால் பெட்டித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. சோதனை செய்துவிட்டேன், நல்ல மஞ்சள், பாயின்ட் ஃபோர். டீக்கடைக்காரரின் பட்டன் போனை வாங்கி, "பாயின்ட் ஃபோர் இருக்கிறது. என் போன் கெட்டுவிட்டது. சிவசாமி" என்று செய்தி அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஏழே முக்காலுக்குத் திருச்சியிலிருந்து வருகிற பஸ் நின்றது. செவந்தி இறங்கினாள். மாத்தூர் வரைக்கும் போனவள் செய்தியைப் பார்த்துவிட்டு இறங்கி, எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்பியிருக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்காமல் நேராகக் கடைசி வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. கோடு வரைக்கும் பிடித்தாள், சொட்டு விட்டாள், அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"பாயின்ட் ஃபோர்" என்றாள்.

"நான்தான் அனுப்பினேனேம்மா."

"ஆமாண்ணே, பாத்தேன்."

குழாயைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. அடுத்த பஸ் எட்டே காலுக்கு. அதுவரை என் கடை முனையிலிருந்து புளியமரம் வரைக்கும், புளியமரத்திலிருந்து கடை முனை வரைக்கும் நடந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.